அவசரப்பட்டுவிட்ட பாலம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. இரண்டையும் முன் அனுமதி பெறாமல் கண்டுபிடித்ததுதான் அது செய்த பிழை. இனி அப்படியொரு பிழை நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஐரோப்பாவில் 'மக்களே முன்னின்று நடத்தும் ஊரக வளர்ச்சி நிதித் திட்டம்' உதித்தது. இத்திட்டத்தில் எல்லாவற்றையும் மக்களே முடிவு செய்யலாம். எப்போது முடிவு செய்யலாம் என்பதை மட்டும் அலுவலகம் முடிவு செய்யும்.

இந்த மகத்தான தத்துவத்தைக் கிழக்குப் பின்லாந்தில் தோளில் சுமந்தவர் இல்போ ரெய்யோனென். பதவியின் பெயர் 'ஊர்ச் செயலூக்குநர்'. சும்மா கிடக்கும் ஊர்களைத் தட்டி எழுப்புவது அவர் வேலை. எழுந்துவிட்ட ஊரைக் கொஞ்சம் பொறுங்கள் என்று உட்கார வைப்பதும் அவர் வேலையே. தலைநகரில் வளர்ந்த நல்ல மனிதர். மனிதர்கள்மேல் உண்மையான பிரியம் உண்டு, அவர்கள் கூட்டத்துக்கு வந்தால்.

குர்க்கிவாரா என்ற சிற்றூரின் குறுக்கே ஓர் ஆறு ஓடுகிறது. போன வருட வெள்ளம் அங்கிருந்த மரப்பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. அக்கரையில் ஹில்க்கா என்ற அம்மாள் தனியாக இருக்கிறார். தபால் பெட்டி, ஊர்க்கூடம், நூலக வண்டி நிற்கும் இடம் எல்லாம் இக்கரையில். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடந்தே வந்துவிடுவார். பனி உடைந்துவிட்டால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊருக்கு அரை நாள் காட்டைச் சுற்றி சைக்கிள் மிதிக்க வேண்டும். ஆகவே பனி உடைவதற்குள் ஒரு பாலம் வேண்டும். விஷயம் இவ்வளவுதான் என்று ஊர் நினைத்தது. இல்போ அப்படியெல்லாம் அலட்சியமாக நினைப்பவர் அல்லர்.

ஜனவரியில் முதல் கூட்டம். ஏலக்காய் பன்னும் காபியும் வைத்து, ஆளுக்கொரு வண்ணச் சீட்டும் கொடுத்து, மனதில் உள்ளதை எழுதச் சொன்னார். எல்லோரும் சீட்டை மரியாதையாகக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். ஊர்ச் சங்கத் தலைவர் தாய்ஸ்தோ மட்டும், "மரம் இருக்கு" என்றார். குர்க்கிவாராவில் அது ஒரு சொற்பொழிவு.

"மரம் அப்புறம். பாலம்னு சொன்னதும் உங்களுக்குள்ள என்ன உணர்வு வருது? அதுலேருந்து தொடங்குவோம்."

ஒருவருக்கும் ஓர் உணர்வும் வரவில்லை. காபிக் கெண்டி இன்னொரு சுற்று போய்வந்தது. 'ஆழ்ந்த கலந்தாலோசனை நடைபெற்றது' என்று இல்போ குறித்துக்கொண்டார்.

பிறகு முக்கியமான விதியைச் சொன்னார். முடிவு இலையுதிர் காலத்தில் வரும். அதற்குமுன் ஓர் ஆணி அடித்தாலும் ஒரு காசு கிடைக்காது. புரிந்ததா என்று கேட்டார். கூடம் முழுவதும் ஒருசேரத் தலையாட்டியது. அந்த ஒற்றுமையைக் கண்டு இல்போவுக்குக் கண் கலங்கியது.

ஏப்ரல் கடைசியில் இரண்டாம் கூட்டத்துக்கு வந்தார். ஆற்றில் பனி உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஹில்க்கா முன்வரிசையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். எப்படி வந்தார் என்று யோசித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பிய இல்போ தாய்ஸ்தோவைக் கூப்பிட்டார்.

"தாய்ஸ்தோ, அது என்ன?"

தாய்ஸ்தோ எழுந்துபோய்ப் பார்த்தார். பார்க்காமல் பதில் சொல்லும் ஆள் அல்லர். "பாலம்."

"யாரைக் கேட்டுக் கட்டினீங்க?"

"ஹில்க்காவைக் கேட்டோம். வேணும்னாங்க."

ஆறு உறைந்திருந்தால் ஏறி நின்று வேலை செய்யப் பனியே சாரம், உடைந்துவிட்டால் சாரத்துக்கு எங்கே போவது என்று ஊர் கணக்குப் போட்டிருக்கிறது. மார்ச்சில் சனிக்கிழமைகளில் எல்லோரும் சுத்தியலோடு வந்து வேலையை முடித்துவிட்டார்கள். இப்படிக் கூடி உழைப்பது அங்கே பழக்கம். சுருங்கச் சொன்னால், மக்களே முன்னின்று நடத்திவிட்டார்கள். திட்டத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை.

இல்போவுக்கு உண்மையிலேயே வருத்தம். இந்த நிதிக்காக மேலிடத்தில் அவர் வாதாடிய வாதம் கொஞ்சமா நஞ்சமா? ஆனாலும் மனம் தளராமல் ஒரு வழி சொன்னார். பாலத்தைப் பிரித்து அடுக்கி வைத்துவிட்டு, அனுமதி வந்ததும் திரும்பக் கட்ட வேண்டியது.

"அதுவரைக்கும் ஹில்க்கா எப்படி வருவாங்க?" என்றார் தாய்ஸ்தோ.

"வர முடியாது. அதுதான் நம்ம பலமே. விண்ணப்பத்துல தேவைன்னு ஒரு பகுதி இருக்கு. இவங்க ஜம்முனு சைக்கிள்ல வந்து இறங்கினா தேவைக்கு நான் எங்கே போவேன்?"

ஹில்க்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதேப்பா. வேணும்னு செய்யலை" என்றார்.

பிரித்துவிடலாமா என்று இல்போ கேட்டார். கூடம் மறுபடியும் தலையாட்டியது. அந்த ஊரில் தலையாட்டினால் 'காதில் விழுந்தது' என்று அர்த்தம். இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு யாராவது வாயைத் திறக்க வேண்டுமே.

மே மாதம், ஒரு சனிக்கிழமை மாலை, 'ஊர் தன் காலில் நிற்பது எப்படி?' என்ற பயிற்சி முகாமோடு இல்போ வந்து சேர்ந்தார். பாலம் தன் காலில் நின்றுகொண்டிருந்தது. பனி உருகிய சேற்றில் ஊரே குழம்பிக் கிடக்க, பாலம் ஏறும் இடத்தில் மட்டும் ஊரார் ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தியிருந்தார்கள். அவர்களுடைய முன்யோசனையை மனதாரப் பாராட்டி, அலுவலக வேனை அங்கேயே நிறுத்தினார். எல்லோரும் ஏற்கெனவே கூடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

நல்ல செய்தியோடு தொடங்கினார். "கட்டறதுக்குத்தான் இன்னும் அனுமதி வரலை. பிரிக்கறதுக்கு நிதி தயாரா இருக்கு. திங்கட்கிழமை ஆள் வந்துரும். ஆனா இது மக்கள் திட்டம், நீங்க வாயால சொன்னாத்தான் நடக்கும். தலையாட்டினா செல்லாது."

யாரும் சொல்லவில்லை. ஹில்க்கா ஜன்னல் வழியாக ஆற்றையும் கடிகாரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். இல்போ காத்திருந்தார், காபி குடித்தார், மறுபடி காத்திருந்தார். கடைசியில், "சரி, பாலத்தை விடுங்க. இந்த ஊர் முன்னேறாம எதுதான் குறுக்கே நிக்குது? மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றார்.

ஹில்க்கா கையைத் தூக்கினார்.

"உன் வண்டிப்பா."

"என்னது?"

"பாலம் ஏறுற எடத்துலயே நிக்குது. வீட்ல சவுனா நீராவிக் குளியலுக்கு அடுப்பு மூட்டிட்டு வந்திருக்கேன். நீ கொஞ்சம் நகர்த்தினா நான் போயிருவேன்."

அதில் குத்தலே இல்லை. அதுதான் இல்போவைக் காதுவரை சிவக்க வைத்தது. ஓடிப்போய் வேனைப் பின்னால் எடுத்தார். அது ஜல்லியை விட்டு இறங்கி அச்சுவரை சேற்றில் புதைந்தது. கூடத்திலிருந்து மொத்த ஊரும் எழுந்து வந்தது. யாரும் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்துத் தள்ளி, வேனைச் சாலையில், அவர் அலுவலகம் இருக்கும் மாவட்டத் தலைநகரைப் பார்த்தவாறு நிறுத்திவிட்டார்கள். ஹில்க்கா சைக்கிளில் ஏறி அக்கரைக்குப் போனார்.

இல்போ கூடத்துக்குத் திரும்பியபோது காபிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எல்லோரும் போயிருந்தார்கள். அவர் தனியாக உட்கார்ந்து, நேர்மையான ஊழியருக்கு உரிய முறையில் அறிக்கை எழுதினார்:

'ஊரின் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்ற தடையை இன்றைய கூட்டத்தில் மக்களே கண்டறிந்தனர். மக்களே முன்னின்று, முன் அனுமதி இன்றி, அதைத் தள்ளி அகற்றினர்.'