வரிசை மருதமுத்து சிங்கப்பூர் போன கதை

“போதும் பாய், மடிச்சுக் குடுங்க” என்றார் மருதமுத்து. அவருக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

ஜெய்னுலாப்தீன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். மலாக்காவில் ஜாலான் பெண்டஹாராத் தெருவில் அவருடைய மளிகைக் கடையில்தான், படிக்கத் தெரியாதவர்களின் ஊர்க் கடிதங்கள் எல்லாம் படிக்கப்படும். மிளகாய் மூட்டைக்கும் மல்லி மூட்டைக்கும் நடுவே அதற்கென்று ஒரு ஸ்டூல் இருந்தது. அந்தரங்கம் என்று ஒன்று அங்கே கிடையாது. பருப்பு வாங்க வந்த இரண்டு பேர், வாங்கி முடித்த பிறகும் போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கப்பா.”

“‘கண்ண மூடினா நீங்கதான்’னு வந்தப்பவே நிறுத்தச் சொல்லியிருக்கணும். மிச்சத்த நான் அவகிட்டயே கேட்டுக்கிறேன்.”

“நாப்பத்து மூணு வயசுல வெக்கத்தப் பாரு!” என்று பாய் கடிதத்தை மடித்துக் கொடுத்தார். மருதமுத்து அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

கேட்டவரைக்கும் விஷயம் தெளிவாகவே இருந்தது. கப்பலுக்குக் காத்திருந்தால் நாள் கடந்துவிடும் என்று அவர் மனைவி அஞ்சலையின் அண்ணன் விமானத்திலேயே இடம் பிடித்துவிட்டார். மதராசிலிருந்து சிங்கப்பூர். நவம்பர் முப்பதாம் தேதி மதியம் வந்து இறங்குகிறாள். அவளுடைய பெர்மிட்டில் ‘சாப்பு’ என்கிற நுழைவு முத்திரை விழவும் அதே முப்பதாம் தேதிதான் கடைசி நாள்.

மலாயா சுதந்திரம் வாங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒண்ணாம் தேதியிலிருந்து புதுச் சட்டம் வருகிறது, ஐந்து வருஷத்துக்கு மேல் புருஷனைப் பிரிந்து ஊரிலேயே இருந்த மனைவிகளுக்குக் கதவு மூடிவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மருதமுத்து அஞ்சலையைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருஷம்.

“மத்தியானம் வர்றா, அன்னைக்கே சாப்பு குத்திருவாங்கல்ல பாய்?”

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“என் மச்சான் போன வாரந்தான் வந்தாரு. மூணு ஏரோப்ளேன் ஒண்ணா வந்து எறங்கிருச்சாம். வரிசை வாசல் வரைக்கும். அஞ்சு மணிக்குக் கவுண்டர மூடிட்டாங்க. மிச்சப் பேருக்கு மறுநாள் தேதியிலதான் சாப்பு.”

“மறுநாள்னா ஒண்ணாம் தேதி.”

“அதான் நானும் யோசிக்கிறேன்.” பாய் குரலைத் தாழ்த்தினார். “அவ வரிசையில நிக்கவே கூடாது மருதமுத்து. எப்படியாவது முன்னால கொண்டாந்துரு. வரிசையில புகுந்து போற வித்தை ஒனக்குத் தெரியாததா?”

அதில்தான் வேதனையே. மருதமுத்துவுக்கு மலாக்கா டவுன் படக்கொட்டகையில் டிக்கெட் வரிசையைக் காவல் காக்கிற வேலை. பதினான்கு வருஷமாக அந்த வரிசையில் ஒருத்தரையும் அவர் குறுக்கே விட்டதில்லை. இரவல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள், மயக்கம் போட்டு விழுகிறவன், செருப்பை வைத்து இடம் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போகிறவன் என்று எல்லாரையும் கழுத்தில் தொங்கும் விசிலை ஊதிக் கடைசிக்கு அனுப்பியிருக்கிறார். ஒருமுறை இதே ஜெய்னுலாப்தீனையும், அவர் சம்சாரத்தோடு சேர்த்து. குடியிருக்கும் காஜா பேராங்கில் அவருக்குப் பெயரே ‘வரிசை மருதமுத்து’ என்றுதான்.

முப்பதாம் தேதி விடியற்காலை புது வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்டுக்கொண்டார். பழைய காக்கிச் சட்டையிலிருந்து கடிதத்தை எடுத்துப் புதுச் சட்டைக்கு மாற்றினார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பாயிடம் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூர் பஸ் ஏறினார். காக்கிச் சட்டையில் கடிதத்துக்குப் பின்னாலேயே அடையாளக் கார்டும் இருந்தது. அது அங்கேயே தங்கிவிட்டது.

விமான நிலையத்தில் அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. மதராஸ் விமானம் வந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வரிசை தெரிந்தது. அதை வரிசை என்று சொல்வதே பாவம். இருநூறு பேர் பெட்டியும் படுக்கையுமாகக் கும்பலாக நின்றார்கள். நடுவில் எத்தனை தலை, எந்தத் தலைக்குப் பின்னால் எந்தத் தலை என்று ஒன்றும் புரியவில்லை. இரண்டே கவுண்டர்கள். அஞ்சலையை எங்கேயும் காணவில்லை.

மூட்டை தூக்குகிற தமிழர் ஒருவர் வெளியே வந்தார். பெயர் சுப்பையன். மருதமுத்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, என் சம்சாரம் உள்ள இருக்கா. இன்னைக்கே சாப்பு குத்தலன்னா திருப்பி அனுப்பிருவாங்க.”

“எந்த ஏரோப்ளேன்?”

“மதராஸ்.”

“மதராஸ் ஆளுங்க மூணு பக்கமா பிரிஞ்சு போயிருக்காங்க. கடுதாசி ஏதும் வச்சிருக்கீங்களா? குடுங்க, பார்த்துச் சொல்றேன். எனக்கு நல்லாப் படிக்க வரும்.”

மருதமுத்துவின் கை சட்டைப் பைக்குப் போய், பொத்தானைத் தொட்டு, இறங்கிவிட்டது. “அது குடும்ப விஷயம்ணே.”

சுப்பையன் தலைச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டார்.

மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பதினான்கு வருஷத்தில் தான் பிடித்த திருட்டுத்தனங்களிலேயே எது அதிகம் பலிக்கும் என்று எடைபோட்டார். கொட்டகையில் மயக்கத்துக்குத்தான் ஜனங்கள் உடனே வழிவிடுவார்கள்.

“அண்ணே, நீங்க உள்ள போய் அஞ்சலை யாருன்னு கேளுங்க. மயக்கம் போட்டு விழச் சொல்லுங்க. நோயாளிய முன்னாடி கூட்டிட்டுப் போயிருவாங்க.” சொல்லி முடிக்கும்போது நாக்கு கசந்தது.

சுப்பையன் நல்ல மனுஷர். ஆனால் ரகசியம் பேசும் தொண்டை அவருக்கு வாய்க்கவில்லை. கும்பலின் நடுவில் போய் நின்று, மூட்டைக்கு வழி கேட்கிற அதே குரலில் கத்தினார்.

“அஞ்சலை யாரும்மா? ஒன் வீட்டுக்காரரு மயக்கம் போட்டு விழச் சொல்றாரு! விழுந்தா முன்னால விட்டுருவாங்களாம்!”

அஞ்சலை என்று யாரும் கை தூக்கவில்லை. ஆனால் கும்பலில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும். முதலில் ஒரு பெரியவர் மெதுவாகச் சாய்ந்தார். அவரைத் தொடர்ந்து ஒரு பட்டுப்புடவை. அப்புறம் ஒரே குடும்பத்தில் நான்கு பேர். மொத்தம் பதினோரு பேர் தரையில் கிடந்தார்கள்.

மலாய் அதிகாரி எழுந்து நின்றார். ஒரே விமானத்தில் வந்த பதினோரு பேர் மயங்கி விழுந்தால் எந்த அதிகாரியும் நினைப்பதைத்தான் அவரும் நினைத்தார். தொற்றுநோய். இரண்டு கவுண்டரும் மூடப்பட்டன. டாக்டர் வந்தார். ஒவ்வொருவருடைய நாடியையும் நாக்கையும் அம்மை குத்திய தழும்பையும் பார்த்த பிறகுதான் சாப்பு என்று உத்தரவாகியது.

டாக்டர் முடிக்கும்போது மணி மூன்றரை. அதுவரை வரிசை ஓர் அடி நகரவில்லை.

“நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்” என்றார் சுப்பையன்.

“தெரியும்ணே. ஒங்க மேல தப்பில்ல.” மருதமுத்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். “எனக்கு ஒரு பெட்டி குடுங்க. தூக்கிட்டு நானே உள்ள போறேன்.”

மூட்டை தூக்குபவர்கள் போகும் வழியாக, யாருடையதோ ஒரு தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மருதமுத்து உள்ளே போனார். ஒவ்வொரு பெண்ணின் முகமாகப் பார்த்தார். ஆறு வருஷத்தில் அஞ்சலை இளைத்திருக்கலாம், பருத்திருக்கலாம், தலை நரைத்திருக்கலாம். எப்படி ஆகியிருந்தாலும் தெரிந்துவிடும் என்று நம்பினார். ஆனால் முகங்கள் நிற்கவேயில்லை. முன்னால் இருந்தவர்கள் பின்னால் போனார்கள், பின்னால் இருந்தவர்கள் முழங்கையால் இடித்து முன்னால் வந்தார்கள். பார்த்த முகத்தையே நான்கு தரம் பார்த்தார்.

வரிசை நேரானால்தான் அவள் கண்ணில் படுவாள். அதைத் தவிர வேறு வழி அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டியை இறக்கி வைத்தார். பழக்க தோஷத்தில் கழுத்திலேயே கிடந்த விசிலை எடுத்து ஊதினார்.

பதினான்கு வருஷத்து ஊதல் அது. இருநூறு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, விசில். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

“ஒருத்தர் பின்னால ஒருத்தர்! பெட்டி இடது பக்கம்! அம்மா, அந்தப் பிள்ளை ஒன்னுதா? இல்லன்னா பெத்தவகிட்ட குடு. பெரியவரே, எந்திரிங்க. மயங்கி விழுந்தவன் செருப்ப ஓரமா கழட்டி வைக்க மாட்டான்.”

பத்து நிமிஷத்தில் இரண்டு வரிசை கோடு போட்ட மாதிரி நின்றது. பெர்மிட்டையும் பாஸ்போர்ட்டையும் எடுத்து முன்கூட்டியே கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். குறுக்கே வந்த ஒரு கோட்டுக்காரரைக் கடைசிக்கு அனுப்பினார். சாப்பு குத்தும் சத்தம் டக் டக்கென்று விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு பெண்ணும் அவரைத் தாண்டிப் போகும்போது முகத்தைப் பார்த்தார். இவள் இல்லை. இவளும் இல்லை. வரிசை குறைந்துகொண்டே வந்தது.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசி ஆள் சாப்பு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கோட்டுக்காரர்தான்.

கூடம் காலியாகிவிட்டது. பெருக்குகிறவர் ஒரு மூலையிலிருந்து துடைப்பத்தைப் போட ஆரம்பித்தார். மருதமுத்து நடுவில் தனியாக நின்றார்.

அதிகாரி சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார். மலாயில், இப்படி ஒரு நாளை இந்த மாசத்தில் தான் பார்க்கவில்லை என்றார். பிறகு, “நீங்கள் எந்த இலாகா?” என்று கேட்டார்.

“மலாக்கா, துவான். படக்கொட்டகை.”

“எந்த விமானத்தில் வந்தீர்கள்?”

“பஸ்ஸில வந்தேன், துவான்.”

சிரிப்பு மறைந்தது. அடையாளக் கார்டைக் கேட்டார். மருதமுத்து சட்டைப் பையைத் திறந்தார். கடிதம்தான் இருந்தது. அப்போதுதான் காக்கிச் சட்டை ஞாபகம் வந்தது.

“துவான், என்னை ஜெயில்ல வைங்க, பரவாயில்ல. என் சம்சாரம் எங்கன்னு மட்டும் பாருங்க.”

அந்தக் குரல் அதிகாரியை என்னவோ செய்தது. பயணிகள் பட்டியலை எடுத்து விரலால் தேடினார். அஞ்சலை, கணவர் மருதமுத்து. மதராசில் ஏறியிருக்கிறாள். சிங்கப்பூரில் இறங்கியிருக்கிறாள். ஆனால் இங்கே சாப்பு வாங்கவில்லை.

“அந்தக் கடிதத்தில் ஏதாவது விவரம் இருக்கிறதா?” அதிகாரி கையை நீட்டினார். தமிழ் எழுத்தைப் பார்த்துவிட்டுச் சுப்பையனைக் கூப்பிடப் போனார்.

“வேணாம் துவான்” என்று மருதமுத்து கடிதத்தைப் பிடுங்காத குறையாகத் திரும்ப வாங்கிக்கொண்டார். “அதில ஒண்ணுமில்ல. பொம்பள மனசுல இருக்கிறத எழுதியிருக்கா. அவ்வளவுதான்.”

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. அதிகாரி பெருமூச்சு விட்டபடி கவுண்டரின் மரக்கதவைக் கீழே இறக்கினார்.

மருதமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டார். கொட்டகையில் எத்தனையோ பேர் டிக்கெட் கிடைக்காமல் இப்படி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறார். எழுந்து போங்க, நாளைக்கு வாங்க என்று சொல்லியிருக்கிறார். இன்றைக்கு அவருக்கு நாளை என்று ஒன்று இல்லை. வரிசையைக் கெடுக்க வந்தோம், கெடுத்தோம், அவள் பயந்துபோய் எங்கேயோ ஒதுங்கிவிட்டாள், தன் புத்தியால்தான் எல்லாம் போயிற்று என்று நினைத்தபோது கண்ணீர் தானாக வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

“உங்களுக்கு ஜாமீன் சொல்ல மலாக்காவில் யாராவது உண்டா?” என்றார் அதிகாரி. “கார்டு இல்லாமல் உங்களை நான் வெளியே விட முடியாது.”

மருதமுத்து, பாய் கடையின் டெலிபோன் நம்பரைச் சொன்னார். அந்த ஒரு நம்பர் அவருக்கு மனப்பாடம். அதிகாரி டிரங்க் கால் போட்டு, நடந்ததை மலாயில் விவரித்தார். மறுமுனையில் ஜெய்னுலாப்தீன் நீளமாக என்னவோ சொல்லச் சொல்ல, அதிகாரியின் புருவம் மேலே போனது. மருதமுத்துவை ஒரு தரம் பார்த்தார். அவருடைய சட்டைப் பையை ஒரு தரம் பார்த்தார். டெலிபோனை நீட்டினார்.

“பாய்,” என்றார் மருதமுத்து. “பாய், அவள விட்டுட்டேன் பாய். வரிசை பூரா பார்த்துட்டேன். அஞ்சலை இல்ல.”

“எப்படிய்யா இருப்பா?” என்றார் பாய். “நீ வெக்கப்பட்டு மடிக்கச் சொன்ன கடுதாசியோட கடைசி ரெண்டு வரிய இப்பத்தான் ஒன் பொண்டாட்டி என் ஸ்டூல்ல உக்காந்து சொல்றா: ‘சிங்கப்பூர்ல வரிசை ரொம்ப நீளமாம், அதனால அங்கயே சின்ன ஏரோப்ளேன் மாறி நேரா மலாக்காவுல பத்து பெரெண்டாம் ஏர்போர்ட்டுக்கே வந்து சாப்பு குத்திக்கிறேன், நீங்க எங்கயும் அலையாம வீட்டுலயே இருங்க.’”