வெப்சைட்டில் சேலை விரித்த கதை

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது சொன்னால் மறுத்ததும் இல்லை. நான் பட்ட அவமானங்களில் முக்கால்வாசிக்கு இந்த மௌனம்தான் காரணம்.

ஆரணியில் எங்களுக்கு ஒரு பட்டுச் சேலைக் கடை. கல்லூரியில் கணினி அறிவியல் முடித்துவிட்டு (முடித்தது நிஜம், அறிவியல் ஏறியதா என்று கேட்காதீர்கள்) நான் வீட்டில் இருந்த சமயம், வந்தவாசியிலிருந்து ஓர் அம்மாள் கடைக்குப் போன் செய்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தச் சேலையிலிருந்து சொந்தக்காரர்களுக்கு எடுக்கிற சேலைவரை எல்லாம் ஒரே கடையில் எடுக்க உத்தேசம். "உங்க வெப்சைட்டை அனுப்புங்க. பொண்ணு பாத்துட்டுப் பிடிச்சிருந்தா நேர்ல வரோம்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை அனுப்பிடறேங்க" என்றார் அப்பா, ஏதோ வெப்சைட்டை சலவைக்குப் போட்டிருக்கிற தோரணையில். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஜல்தியா ஒண்ணு செய்ம்மா."

விளையாட்டில்லை. சேவூரில் எங்களுக்கு நெய்கிற ஆறு தறிகளில் நாலு அப்போது சும்மா நின்றிருந்தன. இந்த ஆர்டர் வந்தால்தான் அவை ஓடும். அப்பா சரியாகச் சாப்பிட்டே ஒரு மாதம் ஆகியிருந்தது. எனவே நானும் "ரெண்டு நாள் போதும்பா" என்று சொல்லித் தொலைத்தேன்.

இணையத்தில் ஒரு மென்பொருளைப் பிடித்தேன். நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டாமாம். படத்தை இழுத்து இங்கே போடு, எழுத்துப் பெட்டியை இழுத்து அங்கே போடு, பொத்தானை அழுத்து, வெப்சைட் தயார். ஆஹா, நமக்காகவே செய்திருக்கிறான் மகராசன் என்று உட்கார்ந்தேன். பாதி நேரம் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. ஒரு படத்தை இழுத்தால் பக்கத்துப் படமும் கூடவே வந்தது. கடைப் பெயரைப் பெரிதாக்கினால் தொலைபேசி எண் காணாமல் போனது. அப்பா வேறு பின்னால் நின்றுகினு, "பேரு மின்னணும். கொஞ்சம் சுத்தவும் சுத்தணும்" என்றார்.

எந்தப் படம் எந்தச் சேலை என்று எனக்கு மறந்துவிடும் என்பதால், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெட்டி போட்டு, அடையாளத்துக்கு வாய்க்கு வந்ததை எழுதி வைத்தேன். கடைசியில் நல்ல வர்ணனைகள் எழுதும்போது அந்தப் பழைய பெட்டிகளை என்ன செய்வது?

இங்கேதான் நான் கடைக்காரர் வீட்டுப் பெண் என்பதை நிரூபித்தேன். எங்கள் கடையில் வாடிக்கையாளர் முன்னால் ஒரு சேலையை விரித்தால் அதை யாரும் உடனே எடுக்க மாட்டார்கள். அதன்மேல் அடுத்ததை விரிப்போம், அதன்மேல் இன்னொன்று. முப்பது சேலை குவிந்திருக்கும்; கண்ணுக்குத் தெரிவது மேலே கிடப்பது மட்டும்தான். பிறந்ததிலிருந்து இதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே பழைய பெட்டி எதையும் அழிக்காமல், ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் பின்னணியில் புதுப் பெட்டியை விரித்தேன். கம்ப்யூட்டர் திரையில் சும்மா ஜம்மென்று இருந்தது. அப்பா கும்பிட்டுவிட்டுப் பொத்தானை அழுத்தினார். வெப்சைட்டின் சுட்டி வந்தவாசிக்குப் போனது.

திங்கட்கிழமை மதியம் அந்த அம்மாள் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"பாத்தோங்க. ஒரு சந்தேகம். மாம்பழ மஞ்சள் சேலைக்கு 'மங்களகரமான நிறம், மணமகளுக்கு ஏற்றது'ன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாங்க" என்றார் அப்பா பெருமையாக.

"அதுக்குக் கீழ, 'ரெண்டு வருஷமா போகல, யார் தலையிலயாவது கட்டணும்'னு போட்டிருக்கீங்களே?"

வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார். அப்பா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அங்கே மங்களகரம் மட்டும்தான் இருந்தது.

"அப்படி எதுவும் இல்லைங்களே மேடம்" என்றேன்.

"இருக்கேம்மா. அடுத்தது ரோஸ் கலர். 'சித்தி மாதிரி, தூரத்துல பாத்தா பளபளப்பு, கிட்டப் போனா ஒண்ணுமில்ல.' இது எந்தச் சித்தி?"

நான் எழுதியதுதான். ஆனால் அதன்மேல்தான் பெட்டி போட்டு மூடிவிட்டேனே! மூடியது மூடியபடி என் கண் முன்னால் இருக்கிறதே! வந்தவாசியிலிருந்து எப்படி அடியில் இருப்பதைப் படிக்கிறார்? ஒருவேளை தலைமையாசிரியைகளுக்கு அப்படி ஒரு பார்வை உண்டோ என்றுகூட யோசித்தேன் (சத்தியமாக யோசித்தேன்).

"நாங்க பாத்துட்டுக் கூப்பிடறோங்க" என்று அப்பா போனை வைத்தார்.

"இன்னாடி இது?"

இந்த இடத்தில் ஒரு நல்ல பெண் உண்மையைச் சொல்லியிருப்பாள். நான், "யாரோ ஹேக் பண்ணிட்டாங்கப்பா" என்றேன்.

"எதிர்க்கடைக்காரன்தான்!" அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "அவன இன்னிக்கு..."

வாசல்வரை போய்விட்டார். சாப்பாடு கொண்டுவந்த அம்மா வழியில் மறித்தாள். விஷயத்தைக் கேட்டு, தன் போனில் சுட்டியைத் திறந்து, தள்ளித் தள்ளிப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் தோள் குலுங்கியது.

"எதிர்க்கடைக்காரனுக்கு நம்ம சித்திய எப்படித் தெரியும்? இது இவ எழுதினதுதான்."

அப்போதுதான் போனைப் பிடுங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்த பெட்டிகளை, அந்த மென்பொருள் போனின் சின்னத் திரைக்காக ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தியிருந்தது. நான் விரித்து மறைத்ததையெல்லாம் அது ஒவ்வொன்றாக உருவி மடித்து வைத்திருந்தது. போனில் எப்படித் தெரியும் என்று பார்க்கத் தனியாக ஒரு பொத்தானே இருந்தது. அது எதற்கென்று தெரியாமல் அதன் பக்கமே நான் போகவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. "நாலு தறிம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதன்கிழமை காலை கடை வாசலில் ஒரு கார் நின்றது. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இறங்கினார், கூடவே கல்யாணப் பெண். அம்மாளின் கையில் போன், போனில் எங்கள் வெப்சைட். நான் தூணுக்குப் பின்னால் போனேன். தூண் ஒல்லி.

"நீதான் எழுதினதா? இப்படி உண்மைய எழுதி வச்ச கடைய நான் பாத்ததில்ல" என்றார் அம்மாள். சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"ஒரு சேலைக்கு, 'இது என் கல்யாணத்துக்கு. அப்பாவுக்குக் காட்டாதே, வித்துடுவாரு'ன்னு இருந்துச்சு. அந்தச் சேலை எனக்கு வேணும்."

அப்பா மெதுவாகத் திரும்பினார். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். கத்தரிப்பூ நிறத்தில் கிளிப்பச்சைக் கரை. சேவூரிலிருந்து வந்த அன்றே அதைப் பழைய நூல் மூட்டைக்கு அடியில் செருகி வைத்திருந்தேன். படம் எடுத்தது என் ஆசைக்கு. மற்ற படங்களோடு அதுவும் ஏறிவிட்டது; அப்புறம் எடுத்துவிடலாம் என்று குறிப்பு எழுதி வைத்தவள், எடுக்க மறந்து அதன்மேலும் பெட்டியை விரித்துவிட்டேன்.

"எடுத்துகினு வாம்மா" என்றார் அப்பா.

வேறு யாராவது கேட்டிருந்தால் தொலைந்துவிட்டது என்றிருப்பேன். ஆனால் நாலு தறி. போய் எடுத்து வந்தேன். அந்தப் பெண் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்றாள். பொருந்தாமல் போகக் கூடாதா என்று நான் வேண்டாத சாமியில்லை. பாவி மகளுக்கு அப்படிப் பொருந்தியது.

"கடைக்காரர் பொண்ணு ஒளிச்சு வச்ச சேலைன்னா, அதுக்கு மேல என்னங்க வேணும்?" என்று அம்மாள் மொத்த ஆர்டரையும் எங்களுக்கே கொடுத்தார். ஆறு தறியும் ஓடின. எனக்கு அதேபோல இன்னொன்று நெய்து தருவதாக அப்பா சத்தியம் செய்தார். தறிகள் ஓய்ந்தால்தானே? கடைசியில் என் கல்யாணத்துக்கு அரக்குச் சேலைதான் கட்டினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையாவது புகழ்ந்தால் நம்ப ஆளில்லை. "மேல எழுதினது சரி, அடியில இன்னா எழுதி வச்சிருக்கே?" என்பார் அப்பா. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். "ம்" என்றேன். கூடம் நிறைய ஆட்கள் இருக்க, "அடியில?" என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டார் விழித்தார்கள். அம்மா ஒன்று விடாமல் கதையைச் சொன்னாள், சித்தி பக்கத்தில் உட்கார்ந்திருப்பதையும் மறந்து.

மாப்பிள்ளைதான் அதிகம் சிரித்தார். அவரையே கட்டிக்கொண்டேன். அந்த "ம்"முக்கு அடியில் என்ன எழுதியிருந்தது என்று இன்னும் கேட்டுகினே இருக்கிறார். நான் சொல்வதாக இல்லை.