பாராட்டினால் சிவப்பு விளக்கு

ஆசிரியர்கள் நோட்டைப் படித்துத்தான் திருத்துகிறார்கள் என்று நம்பும் பெற்றோர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்ததில்லை. பக்கம் நிறைந்திருக்கிறதா, மார்ஜின் போட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளமாக ஒரு டிக். அசோகரும் அக்பரும் பதினாறு வருடங்களாக அந்த டிக்கை நம்பித்தான் என் வகுப்பைக் கடந்து போனார்கள். செயற்கை நுண்ணறிவு வந்துதான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

மேடவாக்கம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். கூடவே கேட் டியூட்டி. தினமும் காலை ஏழேகாலுக்குக் கையில் சிவப்புக் கொடியோடு ரோட்டில் நின்று, தண்ணீர் லாரிகளை நிறுத்திப் பிள்ளைகளை உள்ளே அனுப்ப வேண்டும். லாரி நிற்கும். அதில் இருக்கும் தண்ணீர் நிற்காது, என் புடவைக்கு வந்துவிடும். (முதல் பீரியடில் என்னை உலர்ந்த நிலையில் பார்த்த மாணவர் யாரும் இல்லை.)

அந்த வருடம் எதிர்ப் பள்ளிக்காரர்கள் 'கோடிங், ஏஐ கற்றுத்தரப்படும்' என்று போர்டு வைத்துவிட்டார்கள். எங்கள் கரஸ்பாண்டன்ட்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நமக்கும் ஏஐ வேண்டும், சரி, சொல்லிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்? போன மீட்டிங்கில் புரொஜெக்டர் மக்கர் செய்தபோது வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகியவள் நான். படம் வந்துவிட்டது. அந்த ஒரு தகுதியில் என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் 'டேட்டாதான் முக்கியம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். மூன்றாம் நாள் குரூப் போட்டோ.

"ஏஐ லேப் திறப்பு விழா மட்டும் நல்லபடியா முடியட்டும் மேடம். நீங்கதான் டிபார்ட்மென்ட் ஹெட். ஹெட்டைப் போய் ரோட்ல நிக்க வெப்போமா?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

கடைசி வாக்கியம் என் காதில் தேனாகப் பாய்ந்தது. அன்று மாலையே கஞ்சி போட்ட இரண்டு காட்டன் புடவைகள் வாங்கினேன்.

விழாவுக்கு ஒரு இயந்திரம் செய்வதாகத் திட்டம்; அது முடியும்வரை கேட்டில் வாட்ச்மேன் கொடி பிடித்தார். மைக்கில் ஒருவர் பேசினால் அது பாராட்டா திட்டா என்று கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். பாராட்டு என்றால் பச்சை விளக்கு எரியும், கைதட்டல் கேட்கும். திட்டு என்றால் சிவப்பு விளக்கு, 'கொய்ங்' என்று ஒரு சத்தம். அதற்குக் கற்றுக்கொடுக்க நிறைய வாக்கியங்கள் வேண்டும். ஏழாம் வகுப்பு பி பிரிவைக் கூப்பிட்டு, "வீட்டுல உங்களை என்ன சொல்லிப் பாராட்டுறாங்க, என்ன சொல்லித் திட்டுறாங்க? பத்துப் பத்து எழுதிட்டு வாங்க" என்றேன். நாற்பத்திரண்டு நோட்டுகள் வந்தன. நாற்பத்திரண்டு டிக்.

அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு நஸ்ரின் என்ற கெட்டிக்காரப் பெண்ணுக்கு.

"மிஸ், இந்த வாக்கியமெல்லாம் நீங்க ஒரு தடவை பாத்துடுறீங்களா?"

"அதான் டிக் போட்டிருக்கேனே!"

நானும் சோதித்துப் பார்க்காமல் இல்லை. மைக்கில் 'வெரி குட்' என்றேன், பச்சை. 'முட்டாள்' என்றேன், சிவப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

விழா அன்று வாசலில் 'ஆசியாவிலேயே முதன்முறையாக' என்று பேனர். (ஆசியா முழுவதும் விசாரித்தவர் பேனர் கடைக்காரர்.) ஹால் நிறையப் பெற்றோர். சிறப்பு விருந்தினர் ஓஎம்ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனி மேனேஜர். ரிப்பன் வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு."

கொய்ங்! சிவப்பு. திரையில் கொட்டை எழுத்தில் 'திட்டு'.

சிரித்துக்கொண்டே இன்னும் நிதானமாகச் சொன்னார். "இந்த மாதிரிப் பிள்ளைங்க கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்."

கொய்ங்!

கரஸ்பாண்டன்ட் ஓடி வந்து இன்னொரு மைக்கை எடுத்தார். "சார் எவ்ளோ பெரிய ஆளு! இங்க வந்ததே எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி."

கொய்ங்! கொய்ங்! விருந்தினர் முகத்தில் சிரிப்பு காணாமல் போயிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். விளக்கு முன்பைவிடப் பளிச்சென்று எரிந்தது.

கரஸ்பாண்டன்ட் என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"லூசா மேடம் நீங்க? எருமை!"

பச்சை விளக்கு. திரையில் 'பாராட்டு'. ஸ்பீக்கரில் பலத்த கைதட்டல். பின் வரிசைப் பெற்றோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

நஸ்ரினால் பொறுக்க முடியவில்லை. மேடையேறி மைக்கை வாங்கினாள். "மிஷின் கரெக்டாதான் சார் சொல்லுது. எங்கம்மா 'ரொம்ப நல்லா இருக்கு'ன்னு சொன்னா அன்னிக்கு டிவி கட். 'பெரிய ஆளாயிட்டே'ன்னா அடி விழும். 'எருமை, லூசு, வந்து சாப்பிடு'ன்னாதான் நல்ல மூட்ல இருக்காங்கன்னு அர்த்தம். எல்லார் வீட்லயும் அப்படித்தான். மிஸ்ஸே டிக் போட்டிருக்காங்க!"

ஹாலே குலுங்கிச் சிரித்தது. அம்மாக்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நஸ்ரின் தன் நோட்டைத் தூக்கிக் காட்டினாள். என் டிக் கடைசி வரிசைக்கே தெரிந்தது. என் மானம் கப்பலேறி, தாம்பரம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கரஸ்பாண்டன்ட் எப்படியோ முகத்தைச் சரிசெய்துகொண்டார். கைகூப்பி, குரலில் சர்க்கரை கலந்து, "மேடம் உழைப்புக்கு ரொம்ப நன்றி. இவங்களை மாதிரி ஒருத்தர் கேட்ல நின்னாதான் நம்ம பள்ளிக்கே பெருமை" என்றார்.

கொய்ங்!

இயந்திரம் தப்பாகக் கற்றதாக எல்லோரும் சொன்னார்கள். அந்த ஹாலில் அவர் பேசியதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இரண்டே பேர்: நானும் அதுவும். மறுநாள் காலை ஏழேகாலுக்கு என் கைக்குக் கொடி திரும்பி வந்தது. தண்ணீர் லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், கம்ப்யூட்டராண்ட போய்ட்டன்னாங்கோ? நீ இல்லாம பேஜாராப் பூட்ச்சு!" என்றார். அந்த ஒரு பாராட்டை நம்பினேன். புதுப் புடவையும் நனைந்தது.

விழா நடந்த அன்று கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதேன். முழுக் கதையையும் கேட்ட என் கணவர், "லூசு, முதல்ல சாப்பிடு" என்றார். சோபாவில் படித்துக்கொண்டிருந்த என் மகள் தலையைத் தூக்காமலே, "பச்சை" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பாராட்டுவதில்லை. "சாம்பார் ரொம்ப நல்லா இருக்கு" என்று கணவர் ஆரம்பித்தாலே மகள் 'கொய்ங்' என்கிறாள். நானோ நோட்டுகளை இப்போது வரி வரியாகப் படிக்கிறேன். அக்பருக்கு என் மாணவர்கள் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

போன ஆண்டு விழாவில் 'சிறந்த கேட் பணிக்காக' எனக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார் கரஸ்பாண்டன்ட். ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறோம். மகள் அதன் கண்ணாடி மேல் என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டியிருக்கிறாள், நல்ல சிவப்பு. வீட்டுக்கு வருகிறவர்கள் குங்குமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.