சுகந்தியின் விண்ணப்பமும் என் மனப்பாடமும்

எனக்கு அபார ஞாபகசக்தி என்று இருபத்தைந்து வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அதன் பலனை அனுபவித்தவள் சுகந்தி.

பட்டம் முடித்து, மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் பொறுப்பை நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். (யாரும் கேட்கவில்லை.) கழுத்தில் டை வேறு. அட்டை கடிக்கும் அந்த மலையில் டை கட்டிய ஒரே ஜீவன் நான்தான்.

சுகந்தி உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா முத்தையாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து அதுவரை யாரும் கேம்பஸ் போனதில்லை. அவளுக்குத் தாதியியல் படிக்க ஆசை. முத்தையாவுக்கு ஒரே நிபந்தனை.

"என்னா படிச்சாலும் சரிங்க சார். எம்புள்ள தேயிலப் பக்கமே திரும்பக் கூடாது."

"அத என்கிட்ட விட்டுடுங்க" என்றேன்.

டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு படிப்புக்கும் ஓர் இலக்கம். விருப்ப வரிசைப்படி தட்ட வேண்டும். சுகந்தி இலக்கங்கள் அச்சிட்ட கையேட்டை விரித்தாள்.

"அது எதுக்கு? எனக்கு நம்பர் எல்லாம் மனப்பாடம்."

"ஒருக்கா பாத்துக்குவோமே சார்."

"என்ன நம்பலையா?"

பாவம், மூடிவிட்டாள். வாழ்க்கை முடிவுகளை எவ்வளவு நிதானமாக எடுக்க வேண்டும் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டே, திரையைப் பார்க்காமல் தட்டினேன்.

சில மாதங்களில் முடிவு வந்தது. சுகந்தி தெரிவாகிவிட்டாள். பதுளைப் பல்கலைக்கழகத்தில். தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு!

அன்று அதைச் சொல்ல மலையேறும்போது, பஸ் வழியில் பழுதாக வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டினேன். (வாரத்துக்கு இரண்டு முறை படுத்துவிடும் பஸ், அன்று பறந்தது.)

முத்தையா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"தேயிலைக்குத்தான்னா காலையில பெரட்டுல வேலைக்குப் பேர் குடுத்து, கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பியிருப்பேனே சார். எதுக்கு இம்புட்டுப் படிப்பு?"

அவர் மனைவி கண்ணைத் துடைத்தபடி எனக்குத் தேத்தண்ணி நீட்டினார். அதை விழுங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

"என் தப்புதாங்க. மேல்முறையீடு பண்ணலாம்" என்று உளறினேன்.

"அந்தக் கையேட்டக் குடுங்க சார்" என்றாள் சுகந்தி.

ஒரு வாரம் வரி வரியாக வாசித்தாள். பதுளைக்குப் போய், அங்கே அதே படிப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடமும் பேசிவிட்டு வந்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்:

"நான் போறேன்ப்பா. நல்ல தூளெல்லாம் கப்பல்ல ஏத்திட்டு, கழிச்சுப் போட்டதத்தானே நாம குடிக்கிறோம். தூள ருசி பாத்துத் தரம் பிரிக்கிறவங்க இடத்துல நான் ஒருக்கா உக்காந்து பாக்குறேன்."

முத்தையா "நீயே வாசிச்சு எடுத்த முடிவுதானே?" என்று மட்டும் கேட்டார். என்னைப் பார்க்காமல்தான் கேட்டார்.

இன்று அவள் கொழும்பில் தேயிலை ருசி பார்ப்பவள். அவள் நன்றாக இருப்பது அவள் கெட்டித்தனம். என் பிழை பிழைதான். இப்போதெல்லாம் பிள்ளைகள் தாங்களே வாசித்து, தாங்களே தட்டுகிறார்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன வருஷம் அவளுடைய கல்யாணப் பதிவுக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டாள். பதிவாளர் படிவத்தை என் பக்கம் நகர்த்தியதும் முத்தையா பாய்ந்து வந்து, அதன்மேல் விரலை ஊன்றினார்.

"சார், இந்தக் கோட்டுல கையெழுத்து மட்டும். மாப்பிள்ள பேர நாங்க எழுதிக்கிறோம்."