நோராம்மாவும் என் சம்சாரமும்

சங்கரன்கோவில்

மும்பையில் இருக்கும் பெரிய மச்சான் இசக்கித்துரை அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சண்முகசுந்தரியின் வீட்டுக்காரன் மகாராஜா கும்பிட்டு எழுதுவது. இங்கே கோமதி அம்மன் தயவில் தறிகள் ஓடுகின்றன, கரண்டு ஒழுங்காக வருகிறது, நான் சுகம். அங்கே தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். போனில் சொல்லாமல் இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனை எடுத்தாலே உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். சமாச்சாரமே அவளைப் பற்றியதுதான்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் விழுந்து அவள் கால் முறிந்தது தங்களுக்குத் தெரியும். மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தவளுக்குப் பொழுது போகட்டும் என்று என் மகள் ராஜேஸ்வரி, தமிழில் பேசும் இங்கிலீஷ் படங்களைப் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படி எங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தவள்தான் நோரா கில்பெரி என்கிற அமெரிக்க நடிகை. முதல் வாரம் உங்கள் தங்கை 'அந்த நோரா' என்றாள். அடுத்த வாரம் 'நோராம்மா' ஆகிவிட்டது. மாத்திரை கொடுக்கப் போன நானும் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

மச்சான், அந்த அம்மாள் கதையைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வரவில்லை. சோளக்காட்டு ஊர் ஒன்றில் பெட்ரோல் பங்க் வைத்திருந்தவர் மகள். முதல் படத்தில் மேசையில் காபி வைக்கிற கை மட்டும்தான் இவளுடையது, முகம் கிடையாது. பிறகு கதாநாயகிக்குத் தோழி, தோழி, மறுபடியும் தோழி. ஒரு படத்தில் கதாநாயகி கோபித்துக்கொண்டு போய்விட, போனால் போகிறது என்று அந்த இடத்தில் இவளை நிறுத்தினார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. அப்புறம் ராணியாக வந்தாள், போலீஸாக வந்தாள், ஊமையாக ஒரு படம் முழுக்கப் பேசாமல் நடித்தாள். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு எங்கள் வீட்டிலும் யாரும் பேசவில்லை. நல்ல உச்சத்தில் இருந்தபோது, தன்னைவிட மூத்த நடிகர் ஒருவருக்கு அம்மாவாக நடிக்கக் கூப்பிட்டார்களாம். 'அவர் எனக்கு அப்பாவாக நடிக்கட்டும், நான் வருகிறேன்' என்றாளாம். அன்றோடு அவளை யாரும் கூப்பிடவில்லை. சொந்த ஊருக்குப் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தாள், வருஷக்கணக்கில். தலை நரைத்த பிறகு ஒரு சின்னப் படத்தில் லாரி ஓட்டுகிற கிழவி வேஷம் வந்தது. அதற்காக நிஜமாகவே லாரி ஓட்டப் படித்தாள். அந்தப் படத்துக்குத்தான் பெரிய பரிசு. பரிசு வாங்கினதையும் போனில் பார்த்தோம். 'இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள்?' என்று மேடையில் கேட்டார்கள். 'நான் எங்கேயும் போகவில்லை. நீங்கள்தான் இந்தப் பக்கம் பார்க்கவில்லை' என்றாள். திரும்பிப் பார்த்தால் உங்கள் தங்கை எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அதுவரை இரண்டு பேர் தூக்கித்தான் உட்கார வைப்போம்.

கட்டுப் பிரித்துக் கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த சமயம், பனவடலிசத்திரத்துப் பையன் ஜெபசிங் ஒரு குறும்படம் எடுக்க என் தறிக்கூடத்தைக் கேட்டு வந்தான். கொடுத்தேன். அம்மா வேஷத்துக்கு மதுரையிலிருந்து வரவேண்டிய நடிகை வரவில்லை. பையன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"தம்பி, நான் நடிக்கட்டுமா?" என்றாள் உங்கள் தங்கை.

"ஏட்டி, கால் ஒடிஞ்சது பத்தாதா? மானமும் ஒடியணுமா?" என்று நான்தான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெளிநாட்டில் இருக்கிற மகன் இறந்துபோன செய்தி தறியில் நிற்கிற தாய்க்குப் போனில் வரவேண்டும். அதுதான் காட்சி. இப்படி நடிக்கவேண்டும் என்று ஜெபசிங் நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்திக் காட்டினான். தெரு நாய்கள் குரைத்தன.

"நோராம்மா இப்படிக் கத்த மாட்டாவளே" என்றாள் இவள்.

"நோராம்மாவா? எந்தத் தெரு?"

"அமெரிக்கா. நீங்க காமிராவ ஓட விடுங்க, நான் செய்யுதேன். சரியில்லன்னா பொறவு கத்துதேன்."

தறிகளை நிறுத்தினார்கள். இவள் போனைக் காதில் வைத்தாள். "ம்" என்றாள். "சரி" என்றாள். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். நழுவியது. மறுபடி போட்டாள். அதுவும் நழுவியது. பிறகு, அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி மெதுவாக, "புள்ள சாப்ட்டானா?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், மச்சான். ஜெபசிங் 'கட்' சொல்ல மறந்துவிட்டான். காமிராக்காரன் தோளில் முகத்தைத் துடைத்தான். இத்தனை காலம் என் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்த பொம்பளைக்குள் இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. வெளியே ஓடிப்போய் சார்ஜாவில் இருக்கும் மகன் செல்வக்குமாருக்குப் போன் போட்டேன்.

"ஏலே மக்கா, சாப்ட்டியா?"

"என்னப்பா, குரல் ஒரு மாதிரி இருக்கு? அம்மாவுக்கு ஏதும் ஆயிட்டா?"

"அம்மா நல்லாத்தாம்லே இருக்கா. நீதான் செத்துப்போயிட்ட" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். லீவு போட்டு வரட்டுமா என்று பதறிப்போய்விட்டான்.

விஷயம் அதோடு போகவில்லை. குறும்படத்தைப் பார்த்த யாரோ ஒரு இயக்குநர் பெரிய படத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். மாதக்கணக்கில் சென்னையில் தங்கவேண்டுமாம். இவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டாள். மேலநீலிதநல்லூர் சித்தப்பா, "இந்த வயசுல வேஷம் கட்டப் போறாளாமே?" என்று பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி விசாரிக்கிறார். போகாதே என்று நான் சொன்னால், "நோராம்மாவ வீட்டுக்காரர் தடுத்தாரா?" என்கிறாள். நோராம்மாவுக்கு வீட்டுக்காரரே இல்லை என்றால், "அதான் பாத்தியளா?" என்கிறாள். ஆகவே மச்சான், பிறந்த வீட்டு மூத்தவர் என்ற முறையில் தாங்கள் உடனே புறப்பட்டு வந்து ஒரு அதட்டு அதட்டி அவளை நிறுத்தித் தரவேண்டும். தங்கள் பேச்சை மட்டும்தான் அவள் தட்டமாட்டாள்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னப் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். சங்கரலிங்க சுவாமியும் கோமதி அம்மனும் தங்கள் குடும்பத்துக்குத் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வரவை எதிர்பார்த்து நிற்கும்
மகாராஜா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை இதைப் படித்துவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நின்றேன். "நோராம்மா கதைய நல்லா எழுதியிருக்கிய" என்றாள். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பயமாத்தான் இருக்கு. கூட வாரியளா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் இப்படிக் கேட்டதே இல்லை, மச்சான். ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து. ஆனால் தாங்கள் கட்டாயம் வந்துவிடுங்கள்; தறி பார்க்க ஆள் இல்லை. சாவி அடுத்த வீட்டு ஆபிதா பானுவிடம் இருக்கும். நாங்கள் ரயிலுக்குக் கிளம்பிவிட்டோம்.