மெரிலீயின் பரிசுப் பட்டியலில் பன்னிரண்டு ஒயின் கிளாஸ்

அலபாமா,
மே, 1974

கர்த்தருக்குள் பிரியமான தம்பி கிளீட்டஸுக்கு,

அண்ணன் ஹார்லன் எழுதுவது. மெம்பிஸில் நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே சுகம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

என் மகள் மெரிலீ, விருந்தாளிகள் பார்த்து வாங்கித் தரட்டுமென்று, தன் கல்யாணப் பரிசுப் பட்டியலை வெர்னெல் அம்மாளின் கண்ணாடிச் சாமான் கடையில் எழுதிக் கொடுத்தாள். வழக்கப்படி ஜன்னலோர மேஜையில் அவள் பெயர்ச் சீட்டு, பக்கத்திலேயே அவள் தேர்ந்தெடுத்த கிரிஸ்டல் கண்ணாடி. என்ன கிரிஸ்டல் தெரியுமா? பன்னிரண்டு ஒயின் கிளாஸ்! மாப்பிள்ளை நியூ ஆர்லியன்ஸ்காரன், அவர்கள் வீட்டில் சாப்பாட்டோடு ஒயின் சகஜமாம். நானோ மதுவைத் தொடக் கூடாத பாப்டிஸ்ட் சபைக்கு டீக்கன், இந்த மாவட்டத்துக்குள் மதுக்கடை வராமல் இருபது வருஷம் மல்லுக்கட்டியவன், ஞாயிறு ஆராதனை முடிந்து சபை மொத்தமும் அந்த ஜன்னலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகிறது, என் மானம் அங்கே பளபளவென்று மின்னுகிறது. பொறுக்க முடியாமல் நானே போய் அதை எடுத்துவிட்டு ஐஸ் டீ கிளாஸ் வைக்கச் சொன்னேன். "டீக்கன் ஐயா, கல்யாணம் உங்களுக்கா, பொண்ணுக்கா?" என்றாள் வெர்னெல். அதோடு விட்டதா? சம்பந்தியம்மாள் பரிசு வாங்கக் கடைக்குப் போன் போட்டவள், பட்டியலில் ஒயின் கிளாஸ் போய் டீ கிளாஸ் வந்ததைக் கேட்டு, "பொண்ணு வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்திருக்கிறாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா? சர்ச்ல என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக சித்தப்பாவக் கேட்டுக்கறேன்" என்று கதவைச் சாத்தியவள்தான் மெரிலீ. ஒன்பது நாளாகப் பேச்சில்லை. உன் அண்ணி டொரிண்டா எனக்குச் சோளரொட்டியை ஆறவைத்துத்தான் போடுகிறாள். தம்பி, மகளைக் கைப்பிடித்து மாப்பிள்ளையிடம் கொண்டுபோய் விடும் அந்த நடைக்காக அவள் பிறந்த நாளிலிருந்து காத்திருக்கிறேன். மெரிலீ உன்னைக் கேட்டால் கால் சுளுக்கு என்று சொல்லிவிடு. ஆனால் கிளாஸ் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன், செத்தாலும் மாட்டேன்.

கர்த்தர் உன் வாசலுக்குக் காவலாயிருப்பாராக.

நொந்துபோன அண்ணன்,
ஹார்லன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெர்னெல் போனில் கூப்பிட்டாள். "நீங்க எடுக்கச் சொல்றதுக்கு முன்னாடியே ஒயின் கிளாஸ்ல பத்து மெரிலீக்குப் பரிசா வித்துப்போச்சு ஐயா. பாஸ்டரம்மா நாலு, மத்த டீக்கன்மாருங்க ஆறு. வெளிய சொல்லக் கூடாதுன்னு ஆளாளுக்குச் சத்தியம் வாங்கிட்டாங்க. டீ கிளாஸத்தான் ஒருத்தரும் சீண்டல." மிச்சமிருந்த இரண்டையும் நானே வாங்கிவந்து மெரிலீயின் கதவைத் தட்டினேன். "இது எதுக்குன்னு தெரியுமாப்பா?" என்றாள். "மோர் குடிக்க" என்றேன். சிரித்தாள், அப்புறம் அழுதாள், நானும் அழுதேன். அவள் கையைப் பிடித்து நடக்கப்போவது நான்தான். நீ அந்த டீ கிளாஸை வாங்கிவிடு, பாவம் வெர்னெல்.