பெரிய மீன் ஏழைக்கே

இதில் ஒரு சொல் பொய்யாயிருந்தாலும் சொன்னவன் நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளட்டும்.

ஒளிநாடு என்றொரு கடலோர நாடு. அங்கே மன்னரின் மைத்துனர் நடத்திய கண்ணாடிப் பட்டறை, பூச்சுக்குப் போக மிஞ்சிய பாதரசத்தை ஆற்றில் விட்டது. ஆறு அதைக் கடலில் விட்டது. பட்டறையை மூடிவிடலாமா என்று மன்னர் கேட்டார். "மூடினால் தங்கள் திருமுகத்தை எதில் காண்பது, பிரபு?" என்றார் அமைச்சர். ராஜவைத்தியர் மட்டும் மன்னரின் காதில் ஒன்று ஓதினார்: சின்ன மீனைத் தின்று தின்றுதான் பெரிய மீன் வளர்கிறது, அத்தனை விஷமும் அதன் உடம்பில்தான் சேர்கிறது.

மறுநாளே ஆணை பிறந்தது. "பெரிய மீனைப் பெரியவர்களே தின்றது போதும். இனிச் சுறாவும் வஞ்சிரமும் ஏழைக்கே! அரண்மனை நெத்திலியோடு வயிற்றைக் கட்டும்." அந்தத் தியாகத்தைக் கேட்டு ஜனம் தேம்பித் தேம்பி அழுதது. அந்தத் தியாகத்தை யாரும் களவாடக் கூடாதென்று, குடிகள் நெத்திலி பிடிக்கத் தடையும் வந்தது.

ஆறே மாதத்தில், மீனவக் குப்பத்து வள்ளிமயில் வீட்டுப் பூனை சுவரில் முட்டி முட்டி நடந்தது. அவள் புருஷன் கடலாண்டிக்கு வலை முடிய விரல் நிற்கவில்லை. அவளுக்கோ ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு இரட்டைப் பங்கு என்று அடுத்த ஆணை வந்தது. அதிகாரியின் கண்முன்னே தின்ன வேண்டும்; தின்னாத வீட்டுக்கு அரிசி கிடையாது.

மீன்பங்கீட்டு அதிகாரி சுறாப்புட்டோடு வந்து இறங்கினார்.

"தின்னு தாயி. பால் நல்லா ஊறும்."

"அந்தப் பூனையைப் பாருங்கய்யா. இதத் தின்னுதான் செவுத்துல முட்டுது."

"அது எதிரி நாட்டுப் பூனை."

"எங்க அடுப்படியில பொறந்ததுங்கய்யா."

"அப்போ சதி எந்த வீட்டுல நடக்குதுன்னு வெளங்கிடுச்சு."

"நீங்க ஒரு வாய் தின்னுட்டுக் குடுங்க. நான் மாட்டேன்னா சொல்றேன்?"

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஏதும்மா அந்தக் கொடுப்பினை? நெத்திலி தின்னே சாகப் பொறந்தவன் நான்."

அவள் ஒரு பிடியை வாயில் போட்டுக் கடைவாயில் ஒதுக்கினாள். உள்ளே பிள்ளை உதைத்தது. இவர் வாசல் தாண்டட்டும், துப்பிவிடலாம். அவர் தாண்டுகிறவராகத் தெரியவில்லை.

"மன்னர் வாழ்கன்னு சொல்லு."

கடலாண்டி பதறிப்போய், "மன்னர் வாழ்க!" என்று கத்தினான்.

"ஒன் வாழ்க யாருக்குய்யா வேணும்? இந்தம்மா வாய் காலியான்னுல்ல பாக்குறேன்."

வள்ளிமயில் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். விழுங்கினாள். "மன்னர் வாழ்க" என்றாள்.

"இன்னொரு பிடி" என்றார் அதிகாரி.

ஒளிநாட்டில் பிடித்த எந்த மீனிலும் இன்றுவரை பாதரசம் கண்டறியப்பட்டதில்லை.